பயந்தவர்களோடு ஆடியவர்

எங்கள் மேஸ்திரி தன்னைவிடத் தைரியமான ஒருவனோடு ஒரே ஒரு தடவையாவது சீட்டாடினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பன்னிரண்டு வருஷம் அவர் விரித்த கோரைப்பாயில் உட்கார்ந்து தோற்றவன் நான் சொல்கிறேன். அவர் ஆடியதெல்லாம் எங்களோடுதான். நாங்கள் யார் என்று கேட்கிறீர்களா? வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர்கள். அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, சுற்றி உட்காரவைத்து, நடுவில் தான் உட்கார்ந்து ஜெயிப்பார். அதற்குப் பெயர் சாமர்த்தியமாம். த்தூ!

அவரை 'அவர்' என்று எழுதுவதே எனக்குக் கசக்கிறது. 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. பழக்கம் அப்படி.

ஆள் குள்ளம். தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருப்பார். சுரங்கத்துக்குள் இறங்குகிற மனுஷனுக்கு நகக்கண்ணில் ஒரு துளி அழுக்கு இருக்காது. குரல் ஏறவே ஏறாது. தங்கவயலில் அந்தக் காலத்தில் எங்களை 'டேய்' என்று கூப்பிடாதவர் அவர் ஒருவர்தான். சுரங்கத்தை நடத்துகிற வெள்ளைக்காரக் கேப்டன் துரை டேய் என்பான், மணி அடிக்கிறவன் டேய் என்பான், அரிசிக்கடைக்காரன் டேய் என்பான். இவர் மட்டும் 'வாங்க, போங்க, சாப்டீங்களா' என்பார். அந்த 'ங்க' ஒன்றுக்காகவே எங்கள் கூட்டம் அவர் பின்னால் ஓடியது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா? எங்களுக்கு அது இல்லை.

நானும் என் தம்பி ஏழுமலையும் அவர் கையில் விழுந்தது பங்காருபேட்டை ஸ்டேஷனில். அப்போது தங்கவயல் ஊரிகத்துக்கு ரயில் கிடையாது. குடியாத்தம் பக்கத்திலிருந்து மழை பொய்த்து வருகிறவர்கள் எல்லாரும் பங்காருபேட்டையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். வண்டி வந்து நின்றதும் மேஸ்திரிகள் பாய்வார்கள். கையைப் பிடித்து இழுப்பார்கள், புஜத்தை அமுக்கிப் பார்ப்பார்கள், "எங்கிட்ட வா, ஓரணா சேத்துத் தர்றேன்" என்று கத்துவார்கள். இவர் கத்தவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்ற எங்கள் இருபது பேரிடம் வந்து, "தம்பிங்களா, இங்கயே நில்லுங்க. ஒரு வேலையா போய் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவர் 'இங்கயே' என்று சொல்லியிருந்தாரே, அதனால் நாங்கள் நகரவில்லை. அரை மணி நேரம் கழித்து சிலர் தண்ணீர் குடிக்கப் போனார்கள், சிலர் வேறு மேஸ்திரியோடு போனார்கள்.

ஏழுமலை என் சட்டையை இழுத்தான். "அண்ணே, அந்தாளு வருவாரா?"

"நிக்கச் சொன்னாரில்ல, நில்லுடா" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். சோற்றுக்கடைக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக ஒரு தூக்கமும் போட்டிருக்கிறார். நாங்கள் ஒன்பது பேர் மிச்சம் இருந்தோம். எங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை, புஜத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. "வாங்க போலாம்" என்றார். நமக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏழுமலையிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர் வைத்த பரீட்சை என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது.

தெரிந்ததும் அவர் வாயாலேதான். எங்களுக்குக் கொடுத்த வீடுகள் மூங்கில் தட்டி வீடுகள். ஒரு வரிசைக்குப் பத்து வீடு, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே தட்டி. என் பக்கத்து வீடு மேஸ்திரியுடையது. இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் அவர் பெண்சாதி "சுக்கு வெச்சுக் குடிங்க" என்பாள். ஊமை மாதிரி இருக்கிற அந்த மனுஷன் பெண்சாதியிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து பொழுது சாய்கிற நேரத்தில், அவள் அடுப்பு பற்றவைக்கும்போது, எவன் எப்படி ஆடினான், ஏன் தோற்றான் என்று ஒவ்வொருவனாக உரித்துத் தொங்கவிடுவார். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வீட்டில் உட்கார்ந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஆட்டம் மூணு சீட்டு. வெள்ளைக்காரச் சுரங்க ஆட்கள் கொண்டுவந்தது. ஆளுக்கு மூன்று சீட்டு. எல்லாரும் நடுவில் காலணா வைப்போம். சீட்டு நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறவன் ஏத்துவான், அதாவது இன்னும் காசு போடுவான். மற்றவன் அதே அளவு போட்டுக் கூடப் போகலாம், இல்லை சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். கடைசியில் இருவர் நின்றால் சீட்டைக் காட்ட வேண்டும். மூன்றும் ஒரே சீட்டாக இருந்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. கையில் ஒன்றுமே இல்லாமல் ஏத்தி மற்றவனை மிரட்டி எழுப்புகிறவனும் உண்டு. வெள்ளைக்காரர்கள் அதைத்தான் ஆட்டம் என்பார்கள்.

எங்கள் பாயில் ஏத்துகிறவன் மேஸ்திரி ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் கூடப் போகிறவர்கள். சீட்டு நன்றாக வந்தாலும் கூடப் போவோம், குப்பையாக வந்தாலும் கூடப் போவோம். கவிழ்க்கவும் மனசு வராது, ஏத்தவும் துணிவு வராது. "போட்டது போட்டாச்சு, இன்னும் காலணா தானே" என்று போட்டுக்கொண்டே இருப்போம். எழவு வீட்டுக்குப் போனவன் எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பானே, அப்படி.

அதில் முதல் ஆள் முனுசாமி. ஸ்டேஷன் வெயிலில் நின்ற ஒன்பது பேரில் ஒருவன். கேப்டன் துரையின் குதிரைக்குக்கூட சலாம் வைப்பான். பேசினால் வாய்க்குள்ளேயே பேசுவான். நாங்கள் எல்லாரும் பயந்தவர்கள்தான் என்றாலும், அவனைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு எங்களுக்குத் தைரியம் இருந்தது.

ஒரு ஞாயிறு எனக்குக் குப்பைச் சீட்டு. இரண்டு, ஐந்து, ஒன்பது. எனக்குள் ஒரு விஷம் ஏறியது. மேஸ்திரி அப்போதே கவிழ்த்துவிட்டார். மிச்சம் நானும் முனுசாமியும்தான். இந்தப் பயந்தாங்கொள்ளியை மிரட்டி எழுப்ப முடியாதா என்று ஒரே போடாக இரண்டணா ஏத்தினேன். முனுசாமி என்னையும் காசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டணாவைத் தள்ளினான். நான் நாலணா ஏத்தினேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேணாண்டா முனுசாமி, கவுத்துட்டுப் போயிடு" என்றேன்.

"இன்னாதான் வெச்சினு கீற, பாத்துட்டுப் போயிடறேன் அண்ணாத்தே" என்று நாலணாவையும் வைத்தான்.

அவனிடம் ஒரு ஜோடி நாலு இருந்தது. அற்பச் சீட்டு. ஆனாலும் என்னிடம் அதுகூட இல்லையே! ஒரு வாரக் கறிக்காசு போயிற்று. மேஸ்திரி சிரிக்கவில்லை. அவித்த வேர்க்கடலையை என் பக்கம் நகர்த்தி, "நல்லாத்தான் ஆடினீங்க, சீட்டு சதி பண்ணிடுச்சி" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் பாடம் நடந்தது.

"மடையன்! முனுசாமியப் போய் மிரட்டறான். தைரியசாலிய மிரட்டலாம். அவன் கணக்குப் போட்டுப் பாத்துட்டு எழுந்து போயிடுவான். பயந்தவன் போவ மாட்டான். அவனுக்கு எழுந்து போறதுக்கும் பயம். அவங்கிட்ட பொய்ச் சீட்டு செல்லாது. நல்ல சீட்டு வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும். வந்தா, அவனே ஏத்துவான்னு காத்துக்கினு இருக்கக் கூடாது, நாமதான் ஏத்திக்கினே போவணும். அழுதுக்கினே கூட வருவான்."

"அப்ப கொஞ்சம் திட்டித் தொலைக்கறதுதானே? வாராவாரம் கடலை அவிச்சே என் கை வெந்து போச்சி" என்றாள் அவள்.

"தோத்தவனத் திட்டினா அடுத்த ஞாயிறு எவன் வருவான்? தோத்தவனுக்குத்தான் மரியாதை குடுக்கணும். ஸ்டேஷன்ல நிக்கச் சொன்னா நிக்கிறவனா பாத்து இதுக்குத்தானே கூட்டியாறேன். கேள்வி கேக்கறவன மத்த மேஸ்திரி கூட்டிக்கினு போவட்டும்."

இதையெல்லாம் காதால் கேட்ட பிறகும் அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தாயா என்று நீங்கள் கேட்கலாம். உட்கார்ந்தேன். ஏனென்றால் அவர் சொன்ன 'பயந்தவன்' நான் இல்லை. அது முனுசாமி. அது ஏழுமலை. அது மிச்சம் ஆறு பேர். தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். மானங்கெட்ட பிழைப்புக்கு இந்த நினைப்புதான் ஊன்றுகோல்.

ஒரு தடவை பட்டறையில் வேலை செய்கிற தெலுங்குக் கொல்லர் ஒருவர் வந்து பாயில் உட்கார்ந்தார். பனைமரம்போல் ஆள். வெள்ளைக்காரர்களோடு ஆடிப் பழகியவர். முதல் சீட்டிலேயே எட்டணா ஏத்தினார். மேஸ்திரி சீட்டைக் கவிழ்த்தார். அடுத்ததிலும் கொல்லர் ஏத்தினார், மேஸ்திரி கவிழ்த்தார். மூன்றாவது ஆட்டத்தில் கொல்லர் சிரித்துக்கொண்டே, "ஏமி மேஸ்திரி, எங்கிட்ட ஒரு ஆட்டம் பாக்கறது?" என்றார். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "காலையில சாப்பிட்ட களி ஒத்துக்கல" என்று வீட்டுக்குள் போனவர், கொல்லர் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. கொல்லர் தெருமுனை திரும்பியதும் மேஸ்திரிக்கு வயிறு சரியாகிவிட்டது. பாயைத் தட்டி மறுபடி விரித்தார்.

அன்றைக்கு அவர் பெண்சாதியே கேட்டுவிட்டாள். "ஏன்யா, ஆம்பள தானே நீ? அந்தக் கொல்லரோட ஒரு நாளாவது ஆடேன்."

"எனக்கு இன்னா பைத்தியமா? கொளத்துல மீனு துள்ளுது. அத்த வுட்டுட்டு மொதலையப் புடிக்கப் போவச் சொல்றியா?"

நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். பாதிதான் உண்மை. குட்டினவர் முட்டாள் இல்லை. குனிந்தவன் எப்போது நிமிர்வான் என்பதிலேயே அவர் கண் இருந்தது. அதற்கும் ஒரு சம்பவம் உண்டு.

இரண்டு வருஷத்தில் முனுசாமி ஒரே ஒரு தடவை ஏத்தினான். சம்பள ஞாயிறு. நடுவில் நல்ல காசு சேர்ந்திருந்தது. மேஸ்திரி ஏத்திக்கொண்டே போகிறார், எல்லாரும் அழுதுகொண்டே கூடப் போகிறோம். முனுசாமியின் முறை வந்தது. அவன் எச்சிலை விழுங்கிவிட்டு, தலையைத் தூக்காமல், கூட ஓரணாவைத் தள்ளினான். ஓரணாதான். மேஸ்திரி அந்த ஓரணாவையே பார்த்தார். கண்கள் கொஞ்சம் சுருங்கின, மேலுதடு ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

முனுசாமி காட்டினான். மூன்று ஏழு. மேஸ்திரி கவிழ்த்த சீட்டை நான் திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்த்தேன். ஆசு இரண்டு, ராஜா ஒன்று. எங்களில் எவனாக இருந்தாலும் அந்தச் சீட்டுக்குப் பெண்சாதியின் தாலியைக்கூட வைத்திருப்பான்.

தட்டிக்கு அப்பால் அன்று அவர் குரலில் ஒரு சந்தோஷம். "கூடவே வர்றவன் ஏத்தினா அது சத்தியம். அதுக்கு மேல சாட்சி வேணாம். அப்பவே ஓடிடணும். இத்தத் தெரிஞ்சிக்காதவன் பாயில உக்காரவே கூடாது."

அந்த வருஷம் மாரிக்காலம் முடிந்தபோது எங்கள் கூட்டத்தை வடக்குப் பக்கத்து லெவலில், அதாவது சுரங்கத்தின் ஓர் அடுக்கில், போட்டார்கள். பாறை அங்கே கெட்டது. மேலே தாங்குவதற்கு மர முட்டுகள் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளாக நடு முட்டிலிருந்து பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தோம். தொப்பியில் ஒட்டிய மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டோம். ஒருவனும் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்று விட்டோம். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. கேப்டன் துரையிடம் போய் வேலையை நிறுத்துங்கள் என்று சொன்னால் துரை முறைப்பான். துரையும் அந்தத் தெலுங்குக் கொல்லர் மாதிரிதான், மேஸ்திரி கணக்கில். அவனோடு ஆட மாட்டார். எங்களோடு ஆடுவது சுலபம். எங்களிடம் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மணி அடித்தால் இறங்கிவிடுவோம்.

நாலாம் நாள் காலை. ஷாஃப்ட், அதாவது சுரங்கக் கிணற்றின் வாயில் ஒன்பது பேரும் நிற்கிறோம். எங்களை இறக்குகிற இரும்புக் கூண்டு, கேஜ், மேலே வந்து நின்றது. எப்போதும் முதலில் ஏறுகிறவர் மேஸ்திரி. அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது, எங்களோடுதான் இறங்குவார், எங்களோடுதான் ஏறுவார். அன்றும் ஏறுவதற்குக் காலைத் தூக்கினார்.

அப்போது முனுசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா முனுசாமி, ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார் மேஸ்திரி.

"நான் இறங்கலீங்க."

"ஏன்?"

"நடு முட்டு வாய் பொளந்துக்கிச்சுங்க. நேத்து வெரல வுட்டுப் பாத்தேன். போவுதுங்க." அவன் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டான். "சம்பளத்தப் புடிச்சிக்கங்க. நான் இறங்கல."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனுக்கு வயித்தால போவுது மேஸ்திரி!" என்று ஒருவன் கத்தினான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேஸ்திரியைப் பார்த்தேன்.

கண்கள் கொஞ்சம் சுருங்கின. மேலுதடு ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டது.

தூக்கிய காலைக் கீழே வைத்தார். "நீங்க போங்க. நான் கேப்டனப் பாத்துட்டுப் பின்னாலயே வர்றேன்" என்றார்.

எட்டுப் பேரில் ஆறு பேர் ஏறினார்கள். கேஜ் இறங்கிற்று. நானும் ஏழுமலையும் அடுத்த நடைக்கு நின்றோம். மேஸ்திரி எங்களிடமிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் ஆபீஸ் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனுஷன் சீட்டைக் கவிழ்த்துவிட்டார், முட்டு போகப்போவது சத்தியம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டவன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், தெரிந்தது. அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

கேஜ் திரும்பி வந்தது. ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "அண்ணே, மேஸ்திரியே நிக்கறாரு. நாம போவலாமா?"

ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்' என்று சொன்னால் போதும். ஆறு பேர் கீழே போயிருக்கிறார்கள், மணி அடிக்கிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்க்கிறான், தரையில் முனுசாமி உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கத்தில் போய் நானும் உட்காருவதா? அந்த வெட்கம் என்னைப் பிடித்துத் தள்ளிற்று.

"எல்லாரும் போய்ட்டாங்க. போடா, போ" என்று அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் நடு முட்டு போயிற்று. ஏழுமலை அதற்கு நேர் கீழே இருந்தான். நான் தள்ளுவண்டியோடு ஓரமாக இருந்ததால் இடது கையில் இரண்டு விரல் போனதோடு தப்பித்தேன். மற்ற ஆறு பேரும் அடியோ காயமோ பட்டு ஏறிவிட்டார்கள். என் தம்பி ஒருவன்தான். பத்தொன்பது வயசு.

மேஸ்திரி அதற்கப்புறம் நடந்துகொண்ட விதத்தை யாரும் குறை சொல்ல முடியாது. முட்டு முழுக்க விழுந்து ஓய்ந்த பிறகு முதல் ஆளாக இறங்கினார். தன் தலைத்துண்டை அவிழ்த்து ஏழுமலை மேல் போர்த்தினார். பாடைக்கு மூங்கில் அவர் கொடுத்தார், தோள் கொடுத்தார், சுடுகாட்டில் வாய்விட்டு அழுதார். ஒரு வாரத்தில் முனுசாமியை நல்ல வார்த்தை சொல்லிப் பட்டறைக்கு, அந்தத் தெலுங்குக் கொல்லரிடம், அனுப்பிவிட்டார். "ஒரு தடவ எழுந்தவன் இன்னொரு தடவயும் எழுந்திருப்பான்" என்று தட்டிக்கு அப்பால் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எனக்குக் காய்ச்சல். பதில் பேசத் தெம்பு இல்லை. தெம்பு இருந்தால் மட்டும் பேசியிருப்பேனாக்கும்!

காய்ச்சலில் படுத்தபடி ஒரு காரியம் செய்தேன். அவரைக் கேட்கவேண்டிய கேள்விகளை அடுக்கிவைத்தேன். தெரிஞ்சே ஏன் அனுப்பினே? ஏன் நீ மட்டும் நின்னே? வெத்தல மடிக்க ஒனக்கு எப்பிடிக் கை வந்தது? எல்லாக் கேள்விக்கும் 'டா' போட்டுப் பார்த்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினால் போதும், அத்தனையும் மறந்துவிடும்.

பத்தாம் நாள் அம்மா ஊரிலிருந்து வந்தாள். பங்காருபேட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். காலெல்லாம் செம்மண். எங்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. வழியெல்லாம் ஒரே ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"முனுசாமி இறங்கலயாமே. மேஸ்திரியும் இறங்கலயாமே. சின்னவன் கேக்காம போவமாட்டானே. ஒன்னக் கேக்காம அவன் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கமாட்டானேடா." என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "எம்புள்ளய இறங்குன்னு சொன்னது யாரு?"

மேஸ்திரி அப்போதுதான் ஒரு மூட்டை அரிசியோடு வந்து அவள் பின்னால் நின்றார். ஷாஃப்ட் வாயில் என்னிடமிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றவர் அவர். என் கை ஏழுமலையின் முதுகில் பட்டதைப் பார்த்தவர். நான் சொன்னதைக் காதால் கேட்டவர்.

"மேஸ்திரி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு இமைப்பொழுதுதான். மறுப்பார் என்று நினைத்தேன். 'நானா சொன்னேன்? நீங்கதானே தம்பி போடா போன்னு தள்ளினீங்க' என்று அந்த மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொன்னால் என் அம்மா என்னை அன்றைக்கே தலைமுழுகிவிட்டுப் போயிருப்பாள். அவர் சொல்லவில்லை. மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாந்தாயே. எந்தப்புதான்" என்றார்.

அம்மா குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். "நீ நல்லா இருப்பியாடா! ஒன் வயிறு எரிய! ஒன் வம்சம் மண்ணாப் போவ!" என்று அவர் முகத்திலும் மாரிலும் தூற்றினாள். சுற்றி நின்றவர்களில் யாரோ தடுக்கப் போனார்கள். "வுடுங்க. பெத்த வயிறு" என்று அவரே அவர்களைத் தடுத்தார். கடைசிக் கைப்பிடி மண் விழும் வரை அசையாமல் நின்றார். அம்மா மயங்கி விழுந்தபோது அவர் பெண்சாதிதான் தாங்கி உள்ளே கூட்டிப்போனாள்.

கூட்டம் கலைந்தது. அவர் தோளிலும் காதிலும் ஒட்டியிருந்த மண்ணை நிதானமாகத் தட்டிவிட்டார். நகத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், எப்போதும்போல் மரியாதையாகச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வந்துடுங்க தம்பி."

"சரிங்க மேஸ்திரி" என்றேன்.